பேரியாற்று முகத்து மகோதை நகர்

போடிநாயக்கனூரைச் சார்ந்த பொட்டிபுரத்திற்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரின் முகட்டில் பெய்யும் மழைநீர் இருவேறு கடல்களுக்குச் செல்லும் இயல்பினது. கீழைச் சரிவில் வீழ்ந்த நீர் ஓடைகளாகவும் கொட்டகுடி ஆறாகவும் இழிந்து, வையையோடு கூடிக் கீழ்கடலை நோக்கி ஓடுகின்றது. முகட்டிற்கு ஒரு சாண் மேற்கே வீழ்ந்த நீரோ பன்னியாற்றில் இறங்கி, முதிரப்புழையோடு கலந்து, பேரியாற்றினுட் புகுந்து மேல்கடலை அடைகின்றது. வையை கடலொடு கலக்குமிடத்தில் அழகன்குளம் என்னும் பழந்துறை இருந்தது. அங்கே 1986-ஆம் ஆண்டு முதலாக நிகழ்ந்த அகழாய்வுகளில் உரோம நாணயங்களும் மேனாட்டுச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்துள்ளன. பேரியாறு கடலொடு கலக்குமிடத்தில் இருந்த துறையே முசிறி. இவ்விரண்டினுள் உலகெங்கும் பெயர் பரந்து நின்றது மேலைத்துறையேயாம்.

அம்முசிறியின் வழிவந்த நகரே பிற்காலத்தில் மகோதை எனவும், மகோதையர் பட்டணம் எனவும், கொடுங்கோளூர் எனவும் வழங்கியது. அந்நகரின்கண் விளங்குவது திருவஞ்சைக்களம். மலைநாட்டில் தேவாரப் பதிகம் பெற்ற தலம் அஃது ஒன்றே. (பொட்டிபுரத்திற்கு அணித்தே தேவாரம் என்னும் பெயருடைய ஓர் ஊர் உண்டு. மலைக்கு இப்பால் தேவாரம் என்னும் ஊரும், அப்பால் தேவாரம் பெற்ற பதியுமாக அமைந்திருத்தல் அன்பர்களுக்கு இன்பம் பயப்பதொன்று.) திருவஞ்சைக்களத்தை எண்ணுந்தோறும் சிவநேயச் செல்வர் நினைவில் எழுவன வெள்ளையானையும், சுந்தரமூர்த்தி நாயனாரும், அவருடைய தோழராகிய சேரமான் பெருமாள் நாயனாரும், கயிலைச் செலவும் ஆகும். அத்தலம் பன்னாட்டு மக்கள் நெருங்கி வாழ்ந்ததொரு பெருந்துறைமுகத்தின் நடுவே இருந்தது என்பதை எண்ணுவோர் சிலரே. இதனை எண்ணாது விடின், கழறிற்றறிவார் வரலாற்றின் சில பகுதிகள் முழுதும் விளங்கா.

முசிறியின் செல்வத்திற்குக் காரணமாய் நின்றது மலை. மேலைக் காற்று கொணரும் மழையால் அடர்ந்த காட்டில் மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக்கொடியே அம்மலையின் பொன் எனலாம். மலைவாழ்நர் கொய்து உலர்த்திய மிளகு ஆற்றுவழியாகவும் காட்டுவழியாகவும் கழிமுகத்திற்கு இறங்கியது. அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய செய்யுளொன்று, சேரரது பேரியாற்றின் நுரை கலங்க வந்த யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகைக் கொண்டு மீளும் காட்சியை உரைக்கின்றது. புறநானூற்றில் பரணர், மீனைக் கொடுத்து நெல்லைப் பெறுதலையும், மனைகளில் மிளகு மூட்டைகள் குவிந்து கிடத்தலையும், கலங்கள் தந்த பொன் கழித்தோணிகளால் கரை சேர்தலையும் கூறுவர். இதனைக் கூர்ந்து நோக்குக. பெருங்கலங்கள் கரையை அணுகவில்லை. சிறு தோணிகளே பண்டத்தை ஏற்றியிறக்கின. ஏறக்குறைய கி.பி. 77-இல் நூலியற்றிய உரோம நாட்டுப் பிளினியும் இதனையே குறையாகக் கூறுகின்றார்: கலம் நிற்குமிடம் கரைக்குச் சேய்மையில் உள்ளது, பண்டத்தைப் படகுகளால் கொண்டுசெல்ல வேண்டும், அண்மையில் கடற்கொள்ளைக்காரரும் உண்டு. ஆயினும் இந்தியாவின் முதற்பெருஞ் சந்தை முசிறியே என்று அவரே எழுதிவைத்தார். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா விழுங்குகின்றது என்று வருந்தியவரும் அவரே. அவர் இகழ்ந்த துறை அவர் நாட்டுப் பொன்னை ஈர்த்துக்கொண்டேயிருந்தது.

முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்செலவு நூல், முசிறி ஓர் ஆற்றின்கரையில், கடலிலிருந்து இருபது ஸ்டேடியம், அதாவது இரண்டு மைலுக்குச் சற்று மிகுதியான தொலைவில் இருந்தது என்கின்றது. வட இந்தியக் கலங்களும் கிரேக்கர் கலங்களும் அங்கே நிறைந்திருந்தன என்றும் அது கூறும். ஏற்றுமதிப் பண்டங்களாக மிளகு, முத்து, யானைக்கோடு, பட்டு, கங்கைக் கரையிலிருந்து வந்த சடாமாஞ்சில், பலவகை மணிகள் ஆகியவற்றை அந்நூல் அடுக்குகின்றது. அவ்வடுக்கில் ஏலம் இல்லை. ஏலமலையின் அடியில் வாழ்வோர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் முசிறியின் புகழ் மிளகால் எய்தியதே. ஏலத்தின் பெருவாழ்வு பிற்காலத்தது. இன்று அம்மலைகளின் ஏலக்காய் போடிநாயக்கனூரிலும், மலைமேல் வண்டன்மேட்டினை அடுத்த புற்றடியிலும் ஏலம் விடப்படுகின்றது. பண்டமும் ஏலம், விற்பனை முறையும் ஏலம். ஆனால் இரண்டாவது சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது என்பர் மொழிநூலார். கடல்வழி வந்த சொல் மலையேறி நிற்றல் இதுவாகும்.

முசிறியில் நிகழ்ந்த வாணிகத்தின் அளவைக் காட்டும் ஓர் ஏடு ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரில் உள்ளது. எகிப்து நாட்டில் இரண்டாம் நூற்றாண்டில் பைஞ்சுவடித் தாளில் எழுதப்பட்ட அது 1985-இல் அச்சில் வெளியாயிற்று. அதன் ஒரு பக்கத்தில் முசிறிச் செலவின்பொருட்டு வாங்கிய கடனைப் பற்றிய உடன்படிக்கை காணப்படுகின்றது. மற்றொரு பக்கத்தில் ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கலம் கொணர்ந்த பண்டங்களின் கணக்கு உள்ளது. அப்பண்டங்களின் மதிப்பு எகிப்து நாட்டுத் திரம்மைக் கணக்கில் ஏறத்தாழ 69 இலட்சம். கங்கைக்கரைச் சடாமாஞ்சிலும் யானைக்கோடும் அதில் இடம்பெற்றன. கங்கைக்கரைப் பண்டம் முசிறியில் கலமேறியது எனின், அத்துறை மலைநாட்டிற்கு மட்டும் வாயிலாக நிற்கவில்லை என்பது தெளிவு. செங்கடற்கரையிலுள்ள பெரெனிகே என்னும் பழந்துறையின் கோயிலொன்றில் இந்தியச் சாடியொன்றினுள் ஏழரைக் கிலோ மிளகு கண்டெடுக்கப்பட்டது. அதே கடற்கரையின் துறைகளில் ‘கொற்ற’, ‘கணன்’, ‘சாதன்’ எனத் தமிழி எழுத்தில் பெயர் பொறித்த ஓடுகளும் கிடைத்துள்ளன. யவனர் இங்கு வந்ததுபோலவே தமிழரும் அங்குச் சென்றனர்.

முசிறி இருந்த இடம் எது என்பது நெடுங்காலம் ஆராயப்பட்டது. கொடுங்கோளூருக்குத் தெற்கே, வடக்குப் பறவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில் 2007-ஆம் ஆண்டு கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தார் அகழத் தொடங்கினர். செங்கல்லாற் கட்டிய படகுத்துறையும், ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஓடமும், மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள், மேற்காசியச் சாடிகள் ஆகியவற்றின் ஓடுகளும், மிளகும், குந்துருக்கமும் அங்கே வெளிப்பட்டன. ‘அமண’ என்று தமிழி எழுத்திற் பொறித்த ஓடொன்று 2011-இல் கிடைத்தது. அது சமணரைக் குறிப்பது என்று ஐராவதம் மகாதேவன் கருதினார். உரோமர் வரைந்த பழைய நிலப்படத்தின் படியொன்றில், முசிறியின் அருகே அகஸ்தஸ் மன்னனுக்குரிய கோயில் குறிக்கப்பட்டுள்ளது. எனவே முதல் நூற்றாண்டுகளிலேயே அத்துறையில் பல்வேறு வழிபாடுகள் பக்கத்திற் பக்கத்தில் நிகழ்ந்தன எனக் கொள்ளலாம். பட்டணம் ஒரு கரை, கொடுங்கோளூர் மறுகரை என்று வாதிடுவதினும், கழிமுகம் முழுவதும் பரந்து கிடந்த ஊர்த்தொகுதியையே முன்னோர் முசிறி என்றனர் எனக் கொள்ளுதல் பொருத்தமுடையது. வெள்ளத்தால் வாய் மாறும் ஆற்றில் துறையும் இடம் மாறுதல் இயற்கை. வஞ்சி மாநகர் கருவூரா, கொடுங்கோளூரா என்னும் பழைய வழக்கு வேறு. அது துறைமுகத்தின் வரலாற்றிற்கு இன்றியமையாததன்று.

செல்வமுள்ள துறையைப் பகையும் நாடும். பாண்டியன் செழியன் முசிறியை முற்றி, போரில் யானைகளை வீழ்த்தி, அங்கிருந்த படிமம் ஒன்றைக் கவர்ந்துசென்றான் என்று மேற்கூறிய அகப்பாட்டே சொல்கின்றது. பாண்டிநாட்டிற்கும் சேரர் துறைக்கும் இடையே நின்றது இம்மலைத்தொடர். அதன் கீழைப் பள்ளத்தாக்கில் சங்ககாலத்திலேயே எழுத்தறிந்த மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி நடுகற்கள் சான்று. போடிக்கு அணித்தாகிய சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள், பத்தாம் நூற்றாண்டில் அப்பள்ளத்தாக்கு அவர் ஆட்சியில் நிலைபெற்றிருந்ததைக் காட்டும்.

யவனர் வாணிகம் குன்றிய பின்னர் அத்துறை மறையவில்லை. மகோதை என்னும் பெயரோடு எழுந்தது. இந்நிலையிலேதான் சைவ வரலாறு அதனோடு பிணைகின்றது. சேக்கிழார் பெருமான் கூறுமாறு, பெருமாக்கோதையார் அரசகுலத்துப் பிறந்தும் அரசியலை விரும்பாது, திருவஞ்சைக்களத்தில் நந்தவனம் பேணித் திருமாலை தொடுத்து வாழ்ந்தார். செங்கோற்பொறையன் துறவு பூண்டு நீங்கவே, அமைச்சர் வேண்டியபடி இறைவன் திருவுளமறிந்து முடிசூடினார். யானைமேல் நகர்வலம் வருங்கால், உவர்மண் சுமந்து வந்த வண்ணான் ஒருவன் எதிர்ப்பட்டான். மழையில் கரைந்து ஒழுகிய உவரால் அவன் மேனி வெளுத்திருந்தது. அதனைத் திருநீற்றுக் கோலமாகக் கண்ட மன்னர் யானையினின்றும் இழிந்து வணங்கினார். அஞ்சிய வண்ணான் தான் அடிமைத் தொழில் செய்யும் வண்ணான் என்றான். மன்னர் தாமும் அடியவனாகிய சேரனே என்றார். உவர்நிலமும் கழியும் இடைவிடா மழையும் உடைய துறைநகரின் தெருவில் நிகழ்தற்கு ஏற்ற நிகழ்ச்சி இஃது. பல நிறத்தவரும் பல வேடத்தவரும் நடமாடிய தெருவில், அரசர் கண்ணுக்கு வேடம் ஒன்றே தெரிந்தது.

மதுரைத் திருவாலவாய்ப் பெருமான் பாணபத்திரருக்குப் பொருளுதவுமாறு திருமுகப் பாசுரம் விடுத்ததும் இம்மன்னருக்கே. பதினோராந் திருமுறையின் முதற்கண் நிற்பது அத்திருமுகம். பாணர் ஒருவர் மதுரையிலிருந்து மலைகடந்து கொடுங்கோளூரை அடைந்தார். மன்னர் தம் பண்டாரம் முழுவதையும் அவர்முன் வைத்தார். சுந்தரர் கொடுங்கோளூரில் தங்கி மீளும்போது சேரமான் கொடுத்தனுப்பிய பொன்னும் மணியும் ஆடையும் நறுமணப் பொருள்களும் ஆட்கள் பலரால் சுமக்கப்பட்டன. அப்பொதிகளைத் திருமுருகன்பூண்டியில் வேடுவர் வடிவில் வந்த பூதகணங்கள் பறித்தன. இறைவன் திருவிளையாடல் என்னும் உண்மை ஒருபுறம் நிற்க, இச்செய்தி துறைமுகத்துச் செல்வம் உள்நாடு புகுந்த வழியையும் காட்டுகின்றது. பாலைக்காட்டுக் கணவாய் வழியே கொங்கிற்குச் செல்லும் சாலை அது. உரோம நாணயப் புதையல்கள் மிகுதியாகக் கிடைப்பதும் அக்கொங்கு நாட்டிலேதான்.

சுந்தரர் அருளிய திருவஞ்சைக்களப் பதிகத்தில் கடற்கரையின்மேல் அமைந்த மகோதையும், அதன் சோலை சூழ்ந்த திருக்கோயிலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. கடலின் ஓசை அப்பதிகத்தை விட்டு நீங்காது. இன்னும் ஒன்றுண்டு. வெள்ளையானைமீது கயிலைக்கு ஏகும் வழியில் சுந்தரர் பாடிய நொடித்தான்மலைப் பதிகத்தை மண்ணுலகிற்குக் கொணர்ந்து சேர்க்கும் பணி கடலரையனாகிய வருணனிடம் ஒப்புவிக்கப்பட்டது; அவன் அதனைத் திருவஞ்சைக்களத்தில் உய்த்து அறிவித்தான். சேரமான் கயிலையில் அரங்கேற்றிய திருக்கயிலாய ஞான உலாவோ, மாசாத்தனாரால் சோழநாட்டுத் திருப்பிடவூரில் வெளிப்பட்டது. உலா தரையில் இறங்கியது. பதிகம் கடல்வழி வந்தது. பொன்னும் மதுவும் குந்துருக்கமும் வந்த துறையிலேயே சுந்தரரின் இறுதிப் பதிகமும் கரையேறிற்று என்று பெரியபுராணம் கூறுதல், அந்நகரின் இயல்பை நன்குணர்ந்த கூற்றாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் இராசசேகரன் என்னும் சேரப்பெருமாள் வெளியிட்ட வாழப்பள்ளிச் செப்பேடு, வழக்கமான மங்கலச் சொல்லுக்கு மாறாகச் சிவபெருமானை வணங்கும் தொடரோடு தொடங்குகின்றது. அவ்வேட்டில் கோயில் நிவந்தத்தைத் தடுப்போர்க்கு விதித்த தண்டம் நூறு தினாரம். தினாரம் என்பது மேனாட்டுப் பொன்னாணயத்தின் பெயர். திருவைந்தெழுத்தும் தினாரமும் ஒரே ஏட்டில் நிற்கும் அழகு, துறைமுகத்தை உடைய சைவ அரசனுக்கே உரியது. இவ்விராசசேகரனே சேரமான் பெருமாள் நாயனார் என்று கொண்டாரும் உளர்.

அவ்வரசர் குலத்தின் மற்றொரு பட்டயம் இன்னும் வியப்புடையது. கி.பி. 1000-ஐ ஒட்டிப் பாஸ்கர இரவி என்னும் பெருமாள் முயிரிக்கோட்டில் வீற்றிருந்து, யூத வணிகர் தலைவனாகிய ஈசுப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்தார். முயிரிக்கோடு என்பது முசிறியே. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, முரசு, காளம், தோரணம் ஆகியன அவ்வுரிமைகளுட் சேர்ந்தவை, உல்கும் விடப்பட்டது. இவை வெறும் வரிச்சலுகைகளல்ல. தமிழ் நாட்டரசர் தம் பெருந்தலைவர்க்கு வழங்கும் வரிசைகளே கடல்கடந்து வந்த வணிகனுக்கும் வழங்கப்பட்டன. நாட்டுத் தலைவர் பலர் சான்று நிற்க, வட்டெழுத்தில் வெட்டப்பட்ட அவ்வேடு கொச்சியிலுள்ள யூதர் தொழுகையிடத்தில் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டு வந்தது. கொல்லத்துறையில் இதற்கு முன்னரே, கி.பி. 849-இல், தாணு இரவி ஆட்சியில் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவர் பள்ளிக்கு அளித்த செப்பேட்டில் அரபு, பாரசீகம், எபிரேயம் ஆகிய எழுத்துக்களில் சான்றாளர் கையொப்பமிட்டுள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வீரராகவன் என்னும் அரசன், மகோதையர் பட்டணத்து இரவிகொற்றனைச் சேரமான் உலகப் பெருஞ்செட்டி எனச் சிறப்பித்து மணிக்கிராம உரிமை அளித்தான். அளப்பன, நிறுப்பன, எண்ணுவன ஆகிய பண்டங்களின் தரகுரிமை அவனுக்கு உரியதாயிற்று. அவ்வேட்டைப் பேணி வந்தோர் சுரியானிக் கிறித்தவர்.

இத்தகைய நகரில் ஒவ்வொரு மக்களும் தம் வரலாற்றைச் சேரமானிடமிருந்தே தொடங்குதல் இயல்பு. யூதர் தம் உரிமை சேரமான் தந்தது என்பர். கிறித்தவர், திருத்தூதர் தோமா கி.பி. 52-இல் கொடுங்கோளூர்க் கழிமுகத்தில் இறங்கினார் என்றும், தம் குலவரிசைகள் பெருமாள் அளித்தவை என்றும் உரைப்பர். இசுலாமியர், கடைசிச் சேரமான் பெருமாள் மக்கத்திற்குச் சென்று தம் சமயம் தழுவினார் என்றும், கொடுங்கோளூரிலுள்ள சேரமான் பள்ளிவாசல் 629-இல் எழுந்தது என்றும் கூறுவர். சைவர்க்கோ சேரமான் குதிரைமீது கயிலை சென்றவர். இதுபற்றி வாதிட்டோர் பலர். அவ்வாதங்களுட் சில கடுமையானவை. சேரமான் பெருமாள் என்பது ஒருவர் பெயரன்று, மகோதையில் இருந்தாண்ட அரசர் பலர்க்கும் பொதுவாகிய பட்டம் என்பதை மறந்ததே அவற்றிற்குக் காரணம். அம்மரபு ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை நின்றது. கழறிற்றறிவாருக்கு அவர் காலத்தவராகிய சுந்தரரின் திருத்தொண்டத்தொகையே சான்றாக இருத்தலின், அவர் வரலாறு வேறு எவர் கதையாலும் குறைவுபடுவதற்கில்லை. மக்கச் செலவினைப் பற்றிப் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய செயினுத்தீன் மக்தூம் என்னும் இசுலாமிய அறிஞரே, அது நபிகள் காலத்தில் நிகழ்ந்தது என்னும் வழக்கை ஐயுற்று, இரு நூற்றாண்டு பிற்பட்டதாகலாம் என்றார். அவர் நடுநிலை போற்றத்தக்கது. ஒரு நகரில் இறங்கி வாழ்வு பெற்றோர் அனைவரும் அந்நகரின் அரசனைத் தம்மவன் என்று உரிமை பாராட்டுவது, அவன் குலம் அவர்களை நடத்திய முறைக்குச் சான்றன்றி வேறென்?

நகரின் வீழ்ச்சி நீரால் நேர்ந்தது என்பர். 1341-ஆம் ஆண்டில் பேரியாற்றில் பெருவெள்ளம் பெருகி, வண்டலால் துறைவாய் தூர்ந்து, தெற்கே கொச்சியில் புதிய வாய் ஆழமாயிற்று என்பது வழங்கும் செய்தி. வாணிகம் கொச்சிக்குப் பெயர்ந்தது. 1504-இல் போர்த்துக்கீசியர் கொடுங்கோளூரைத் தாக்கினர். பின்னர் அங்கே கோட்டையும் கட்டினர். பதினாறாம் நூற்றாண்டில் யூதர் தம் பட்டயத்தை எடுத்துக்கொண்டு கொச்சிக்குக் குடிபெயர்ந்தனர். பின் கோட்டை டச்சுக்காரர் கைக்கு மாறியது; 1790-இல் திப்பு சுல்தான் படையெடுப்பில் அழிந்தது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் நின்ற துறை மீனவர் தோணிகளோடு அமைதியுற்றது.

பேரியாறும் மாறிவிட்டது. 1895-இல் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் கட்டி முடித்த அணையால் அவ்வாற்றின் மேல்நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. முசிறிக்குச் சென்றிருக்கவேண்டிய நீரின் ஒரு பகுதி இன்று கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களிற் பாய்ந்து வையையிற் கலக்கின்றது. பன்னியாற்று நீர் மட்டும் பழைய வழியே மேல்கடலுக்குச் செல்கின்றது.

திருவஞ்சைக்களத்தில் சுந்தரரும் சேரமானும் ஒரே சந்நிதியில் எழுந்தருளியுள்ளனர். ஆண்டுதோறும் ஆடித்திங்கள் சுவாதி நாளில், கயிலைச் செலவின் நினைவாக, கோயம்புத்தூரிலிருந்து அடியார்கள் பாலைக்காட்டுக் கணவாயைக் கடந்து அங்கு வந்து தேவாரம் ஓதுகின்றனர். சேரமான் தந்த பொன்னைச் சுமந்துகொண்டு சுந்தரருடன் ஆட்கள் நடந்த வழி அதுவே.